மரம் அறுக்க ஒரு மிஷின் வாங்கிய கதை

ஊரில் இருந்து போன் செய்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "அங்க ஸ்னோ விழுதா?" என்றுதான். விழும். பார்க்க அழகாகவும் இருக்கும், அரை மணி நேரத்துக்கு. அப்புறம் குழாயில் தண்ணீர் உறையும், தேங்காய் எண்ணெய் கல்லாகும், இட்லி மாவு மூன்று நாளானாலும் பொங்காது. தங்கமணி என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

நான் ஆணி பிடுங்குவது இமாச்சலப் பிரதேசத்தில், குலு பள்ளத்தாக்கில், ஒரு நீர்மின் திட்டத்தில். வாடகை வீடு நக்கர் பக்கம், கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில். கொடைக்கானலைவிட 300 மீட்டர் குறைவுதானே என்று கணக்குப் போட்டு, ஒரே ஒரு ஸ்வெட்டரோடு வந்து இறங்கிய அறிவாளி நான். எவ்வளவு வடக்கே வந்திருக்கிறோம் என்பதை அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

இங்கே வீட்டைச் சூடாக்குவது 'தந்தூர்'. உடனே தந்தூரி சிக்கனுக்குப் போகாதீர்கள். இது கூடத்தின் நடுவில் நிற்கும் தகர அடுப்பு. புகை போக ஒரு நீளக் குழாய் கூரை வழியாக வெளியே போகும். காஷ்மீரில் இதே சாமானை 'புகாரி' என்பார்கள். (சென்னைக்காரர்கள் பிரியாணிக்கும் போக வேண்டாம்.) கரண்ட் ஹீட்டர் வைக்கலாமே என்றால், குளிர்காலத்தில் ஊரே ஹீட்டர் போடும்போது வோல்டேஜ் படுத்துவிடும். ஆக, விறகுதான்.

2022 வரைக்கும் எனக்கு விறகைப் பற்றி ஒரு கவலையும் இருந்ததில்லை. வீட்டு உரிமையாளருக்கு ஆப்பிள் தோட்டம். அங்கே வேலை செய்யும் நேபாளத்துக்காரர் ஒருவர் எங்களுக்கும் சேர்த்து அறுத்து, பிளந்து, அடுக்கிக் கொடுத்துவிடுவார். கூலியும் தேநீரும் கொடுத்தால் போதும். அந்த அக்டோபரில் தசைன் பண்டிகைக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அந்த நவம்பரில்தான் அப்பா வந்தார்.

அம்மா போன பிறகு வந்த முதல் குளிர்காலம் அது. செங்கோட்டையில் தனியாக இருக்க வேண்டாம் என்று வற்புறுத்திக் கூட்டிவந்திருந்தோம். 74 வயது. மூட்டுவலி. குற்றாலச் சாரலுக்கே துண்டைத் தலையில் சுற்றிக்கொள்கிற மனுஷன். கூடத்தில் தந்தூர் அணைந்தால் அவர் முகம் வாடிவிடும், வாயைத் திறந்து சொல்ல மாட்டார்.

வீட்டுக்காரர் நல்லவர். "பன்னிரண்டு பழைய மரத்தைப் பிடுங்கிப் போட்டிருக்கேன், வேண்டியதை எடுத்துக்கோங்க" என்றார். இங்கே பலரும் பழைய பெரிய ஆப்பிள் மரங்களை எடுத்துவிட்டு, நெருக்கமாக நடுகிற குட்டை ரகங்களுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். அடிமரமும் கிளையுமாக 20 குவிண்டால் தேறும். ஒரு வருஷத்துக்கு மேல் காய்ந்த மரம் வேறு. ஆனால் ஐந்தடி, ஆறடி நீளத்தில் கிடக்கிறது. அடுப்புக்குள் போக வேண்டுமே?

இரண்டு நாள் கைரம்பத்தால் அறுத்தேன். மூன்றாம் நாள் சாப்பிடக் கை தூக்க முடியவில்லை. அப்போதுதான் செயின் சா ஆசை வந்தது.

இரவு லேப்டாப்பைத் திறந்தால் கண்ணைக் கட்டியது. முதலில் கண்ணில் பட்டது ஒரு பூதம். பெட்ரோல், 58 சிசி, 22 இஞ்ச் பார். (பார் என்பது சங்கிலி ஓடுகிற அந்த நீளமான இரும்புப் பட்டை.) விலையோ ஆறாயிரத்துச் சொச்சம்! நல்ல பெயருள்ள வெளிநாட்டுக் கம்பெனியின் சின்ன மிஷின், 30 சிசி, 16 இஞ்ச் பார், இருபதாயிரத்தைத் தாண்டியது. இரண்டு மடங்கு பெரிசு, மூன்றில் ஒரு பங்கு விலை. நம்ம ரத்தத்துக்கு இந்தக் கணக்குப் போதாதா? பூதத்தை வண்டியில் போட்டுவிட்டேன். பணம் கட்டுவதற்கு முன்னால் அப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன்.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்ளுங்கள். அப்பா செங்கோட்டையில் ஒரு மர அறுவை மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொந்து இருக்கிறதா என்று சொல்லுவார். இடது கையில் ஆள்காட்டி விரல் கிடையாது. 1987 தீபாவளிக்கு முந்தின வாரம் வட்ட ரம்பத்தில் போனது. எனக்கு அப்போது ஒன்பது வயசு. "மிஷின் கோளாறு" என்பதுதான் எங்கள் வீட்டில் அதற்குச் சொல்லப்பட்ட ஒரே வரி. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

அப்பா படத்தைப் பார்த்தார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எய்யா, முதல்ல அடுப்பு வாயை அளந்தியா?"

அளக்கவில்லை. அளந்தோம். 14 இஞ்ச்சுக்கு மேல் துண்டு உள்ளே போகாது. ஒரு அடி துண்டு என்று வைத்துக்கொண்டோம். அப்புறம் டார்ச் எடுத்துக்கொண்டு போய் மரத்தை அளந்தோம். இருப்பதிலேயே பருமனான அடிமரம் 11 இஞ்ச். பாதிக்கு மேல் கைப்பருமன் கிளைகள்.

"பதினோரு இஞ்சு மரத்துக்கு இருபத்திரெண்டு இஞ்சு ரம்பம் எதுக்கு? மிச்சம் பதினோரு இஞ்சு மரத்துக்கு அந்தப் பக்கம் சும்மா ஓடும். அது எதுல போய் முட்டுதுன்னு உன் கண்ணுக்குத் தெரியாதுல்லா?"

அந்தக் கேள்விதான் என் பணத்தையும், யோசித்துப் பார்த்தால் வேறு சிலவற்றையும் காப்பாற்றியது. அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். உங்களில் யாருக்காவது உதவும் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு எங்களுக்கு ஆகிறது சுமார் 15 கிலோ. நான்கு மாதத்துக்கு 18 குவிண்டால். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அறுத்தால் வாரத்துக்குப் போதும். தோட்டத்தில் நின்று மரம் சாய்க்கப் போவதில்லை. (தேவதாரு மாதிரி காட்டு மரத்தில் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைத்தால் கம்பி எண்ண வேண்டியதுதான்.) கிடக்கிற கட்டையை வீட்டு வாசலில் வைத்துத் துண்டு போடுவது மட்டுமே வேலை.

பெட்ரோல் மிஷின் கரண்ட் இல்லாத இடத்துக்கு ராஜா. ஆனால் அது டூ ஸ்ட்ரோக் இஞ்சின். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். 50க்கு 1 என்று சொல்கிற மிஷினுக்கு லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. மாற்றிக் குறைத்து ஊற்றினால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். டாங்கில் விட்டு மாதக்கணக்கில் வைத்தால் கார்புரேட்டர் பாழ். இந்த உயரத்தில் காற்றும் மெல்லிசு, அதற்கு ஏற்றபடி கார்புரேட்டரைத் திருக வேண்டிவரும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அறுக்கிறவனுக்கு இவ்வளவு சம்சாரமா?

பேட்டரி மிஷின் நல்லதுதான். சத்தம் குறைவு, வயர் இல்லை. ஆனால் நாலைந்து இஞ்ச் பார் வைத்த பொம்மை மிஷின்கள் கிளைக்குத்தான் சரி. பெரியவை யானை விலை குதிரை விலை. லித்தியம் பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்தும் போகும்.

கடைசியில் வாங்கியது வயர் வைத்த எலக்ட்ரிக் மிஷின். 2,000 வாட், 16 இஞ்ச் பார், ஐயாயிரத்து ஐநூறு ரூபாய்க்குள். விரலை எடுத்தால் மோட்டார் நின்றுவிடும். வீட்டுக்காரர் பம்ப் வைக்கத் தனி லைன் இழுத்திருந்ததால் வோல்டேஜும் பகலில் பிரச்சினை இல்லை. 2,000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதனால் டிவி சொருகுகிற 6 ஆம்பியர் பிளக்கில் சொருகக் கூடாது. 16 ஆம்பியர் பாயிண்ட்டும், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் வேண்டும். மெல்லிசு எக்ஸ்டென்ஷன் வயர் போட்டால் வயரும் சுடும், மோட்டாரும் சுடும்.

அப்பா பெட்டியைப் பிரித்ததும் முதலில் தேடியது முன் கைப்பிடிக்கு மேலே இருக்கும் தடுப்பை. அதை முன்னால் தள்ளினால் சங்கிலி சட்டென்று நிற்கிறதா என்று மூன்று தடவை பார்த்தார். இந்தச் செயின் பிரேக் இல்லாத மிஷினை ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பாரின் மூக்கு நுனியில், மேல் பாதி ஏதாவது ஒன்றில் பட்டால், மிஷின் அப்படியே எகிறி அறுக்கிறவன் முகத்தைப் பார்த்து வரும். அதைத் தடுக்கத்தான் அந்தத் தடுப்பு.

மிச்சமான காசில் கைக்குக் கையுறை, காலுக்கு முன்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ், காதுக்கு அடைப்பான், முகத்துக்கு மூடி வைத்த ஹெல்மெட், சங்கிலி தீட்ட 4 மில்லிமீட்டர் உருட்டு அரம். மூடியில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணினேன். கம்பி வலை மூடிக்குப் பதில் பிளாஸ்டிக் மூடி. முன்னூறு ரூபாய் மிச்சம்.

அப்பா பழைய சட்டங்களை வைத்து எக்ஸ் வடிவில் ஒரு தாங்கி அடித்துக் கொடுத்தார். கட்டையைத் தரையில் போட்டு அறுத்தால் சங்கிலி மண்ணில் பட்டு ஒரு நொடியில் மொண்ணையாகிவிடும். தாங்கிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பக்கத்தை அறுத்தால் துண்டு தானாகக் கீழே விழும். இரண்டு தாங்கலுக்கு நடுவே அறுத்தால் மரம் பாரைக் கவ்விக்கொள்ளும். "செதில் செதிலா விழுந்தா ரம்பம் கூர். மாவா கொட்டுனா அரத்தை எடு" என்பது அப்பா பாடம். நான்கு வாரம் ஜோராகப் போனது.

ஐந்தாவது ஞாயிறு. டிசம்பர் கடைசி. மேகம் கருத்து இறங்கிக்கொண்டிருந்தது. பனி விழுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரம். என் மூச்சுப் பட்டுப் பிளாஸ்டிக் மூடி ஆவி படிந்துகொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்து அலுத்துப் போய், மூடியை மேலே தூக்கிவிட்டேன். தாங்கிக்குப் பக்கத்திலேயே அறுக்காத கட்டைகள் குவிந்து கிடந்தன. அதை நகர்த்தவும் சோம்பல்.

ஒரு கட்டையைப் பாதி அறுத்திருப்பேன். பாரின் மூக்கு அந்தப் பக்கம் இருந்த குவியலில் முட்டியது. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மிஷின் எகிறியது தெரியும். முன் தடுப்பு என் இடது மணிக்கட்டில் பலமாக அடித்தது தெரியும். அடுத்த கணம் சங்கிலி நின்றிருந்தது, என் தாடைக்கு ஒரு சாண் முன்னால்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்பினால் வாசல் படியில் அப்பா. கத்தவில்லை. திட்டவில்லை. மெதுவாக இறங்கி வந்து, என் ஹெல்மெட் மூடியை அந்த நாலு விரல் கையால் கீழே இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று இரவு தந்தூர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். தங்கமணியும் பையனும் தூங்கியிருந்தார்கள். அப்பா நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்த மிஷின்ல கோளாறு ஒண்ணும் இல்ல, கேட்டியா."

எனக்கு முதலில் புரியவில்லை.

"மில்லுல. ரம்பத்துக்கு மேல ஒரு மூடி இருக்கும். பெரிய பலகை வந்தா இடிக்கும். தீபாவளிக்கு முன்னால லோடு போகணும்னு அவசரம். நான்தான் ஸ்பேனர எடுத்துக் கழட்டிப் போட்டேன். முதலாளி கேக்கையில மூடி ஏற்கெனவே இல்லன்னு சொல்லிட்டேன். மிஷினப் பாத்துக்கிட்ட மெக்கானிக் பையன் மேல பழி விழுந்துட்டு. ஆஸ்பத்திரில இருந்து நான் வாரதுக்குள்ள அவன அனுப்பிட்டாங்க. கலியாணமாகி ஆறு மாசம் அவனுக்கு."

"அம்மாவுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாது." கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லணும்னு நெனச்சேன். அவ போயிட்டா."

அந்த மெக்கானிக் அப்புறம் எங்கே போனார் என்று கேட்டேன். கொல்லம் பக்கம் போனதாகக் கேள்வி என்றார். அவ்வளவுதான். நான் ஒரு கட்டையை எடுத்து அடுப்பில் வைத்தேன். ஆப்பிள் மரம் எரிந்தால் லேசாக ஒரு இனிப்பு வாசம் வரும். இரண்டு பேரும் ரொம்ப நேரம் தூங்கப் போகவில்லை.

முப்பத்தைந்து வருஷமாக நான் அந்த விரலைப் பார்த்து அந்த மிஷினைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த முகம் தெரியாத மெக்கானிக்கும் அந்த விரலோடு சேர்ந்தே நினைவுக்கு வருகிறார்.

மறுநாளே கம்பி வலை மூடிக்கு ஆர்டர் போட்டேன். அதில் ஆவி படியாது. முதல் நாளே வாங்கியிருக்க வேண்டியது. மரத்தூள் சன்னமாக வந்தால் வலை தடுக்காது என்பதால் உள்ளே ஒரு கண்ணாடியும் போட்டுக்கொள்கிறேன். குவியலைத் தாங்கியிலிருந்து ஆறடி தள்ளித்தான் வைக்கிறேன். வீட்டில் வேறு ஆள் இல்லாதபோது மிஷினைத் தொடுவதில்லை.

அப்பா மார்ச்சில் ஊருக்குப் போய்விட்டார். அதே மிஷின் இன்னும் ஓடுகிறது. சங்கிலி மட்டும் இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். "எது சீப்பா கிடைக்கும்?" என்று கேட்கும் நண்பர்களுக்கு இப்போது நான் சொல்வது, மிஷின் விலையோடு மூடி, பூட்ஸ், அரம், வயர் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள் என்பதுதான். என் 5,500 ரூபாய் மிஷின் அந்தக் கணக்கில் பத்தாயிரத்தைத் தொட்டது.

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்கு செங்கோட்டையில் இருந்து போன் வரும். சாப்பிட்டாயா, பேரன் எப்படி இருக்கான் எல்லாம் அப்புறம்தான்.

"எய்யா, மூடிய இறக்கிட்டுத்தான அறுக்க?"

"ஆமாப்பா."

"சரி, அறு."