கழுகு இருந்த இடத்தில் புறா

மரியாயின் சேனையார் வாரந்தோறும் கூடும் மேசையை வாசகர் பலர் கண்டிருப்பர். வெண்துகில் விரித்து, அன்னையின் சுரூபத்தை வைத்து, இரு பூச்சாடிகளும் எரியும் இரு மெழுகுவர்த்திகளும் அமைத்து, முன்னே சிறு கொடிச்சின்னம் ஒன்றை நிறுத்துவர். அச்சின்னம் உணர்த்தும் பொருள் யாது?

1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், அயர்லாந்தின் டப்ளின் நகரில், பிராங்க் டப் என்னும் பொதுநிலையினரும் ஒரு குருவும் சில பெண்களும் கூடித் தொடங்கியதே இச்சேனை. அதன் கொடிச்சின்னம் பண்டைய உரோமைப் படையின் கொடியை மாதிரியாகக் கொண்டது. ஆனால் உச்சியில் உரோமையர் வைத்த கழுகு நீங்கி, பரிசுத்த ஆவியின் அடையாளமாகிய புறா அமர்ந்தது. அதன்கீழ்ச் சேனையின் பெயர்; அடுத்து, நீள்வட்டச் சட்டத்துள் அற்புதப் பதக்கத்தின் அமலோற்பவ அன்னை; இரண்டையும் இணைக்கும் ரோஜாவும் லீலியும்; அடியில் உலக உருண்டை. கழுகு நகத்தால் பற்றும். புறாவுக்கு அவ்வாயுதம் இல்லை. பரிசுத்த ஆவியானவர் அன்னையின் வழியாக உலகை வெல்கிறார் என்பதே பொருள்.

சேனைக்குரிய நிறம் சிவப்பு. அன்னைக்கு உரியது நீலமன்றோ எனலாம். சிவப்பு பரிசுத்த ஆவியின் அக்கினி நிறம்; சேனையார் வாக்குறுதி அளிப்பதும் அவருக்கே. பட்டுத்தறிகள் நிறைந்த எங்கள் சேவூரில் இதை விளக்குவது எளிது. கச்சாப் பட்டில் சாயம் செவ்வனே பற்றாது. கொதிநீரில் இட்டு அதன் பசையைக் கரைத்த பின்னரே நிறம் ஒளிரும். தன்னலப் பசை கரையாத நெஞ்சில் அந்தச் செந்நிறம் எங்ஙனம் ஏறும்?

சேனையார் இருவர் இருவராகவே வீடுகளைச் சந்திப்பர். பொருளுதவி அளிப்பதை விதி தடுக்கிறது. பார்வை மங்கித் தறியை விட்ட முதியவர் ஒருவரிடம் நானும் ஓர் அன்பரும் சென்றோம். "என்ன கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை ஐயா, நாங்கள் இருவருமே வந்திருக்கிறோம்" என்றோம். சற்று மௌனமாயிருந்து, "கோர்வைச் சேலைக்கும் இருவர் வேண்டும், உட்காருங்கள்" என்றார். தாம் நெய்த சேலைகளின் கரை நிறங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அடுத்த வாரம் திண்ணையில் எங்களுக்காகக் காத்திருந்தார். அவருடைய அரிசித் தேவையை வின்சென்ட் தே பவுல் சபையாருக்குத் தெரிவித்தோம். அது அவர்கள் பணி.

இன்று எங்கள் கூட்டத்தில் நரைத்த தலைகளே மிகுதி. இளைஞர் பிழைப்புத் தேடி நகரங்களுக்குச் செல்கின்றனர். ஆள் குறைந்தபடியால் சின்னத்தைப் பெட்டியில் வைத்துவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. அதன் அடியிலுள்ள உருண்டை எங்களுக்குத் தொலைதூர நாடுகள் அன்று. தறியோசை ஓய்ந்துவரும் இத்தெருக்களே. இருவர் எஞ்சியிருக்கும் வரையில் சந்திக்க ஒரு வீடு உண்டு. அன்புள்ள குடும்பத்தாரே, வாரத்தில் ஒரு மணி நேரம் உங்களில் ஒருவரை அனுப்புவீர்களா?