ஊசி போட்டவர் எங்கே படித்தார்?

மருத்துவ அலட்சிய வழக்குகளில் வக்கீலுக்குச் சட்டம் தலைவலி தருவதில்லை, சாட்சியம்தான் தரும். வார்டுக்குள் நடந்ததைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் அந்த ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்குகிறவர்கள். மீதிப்பேர் நோயாளியின் உறவினர்கள்; அவர்கள் சொல்வதை 'சொந்தக்காரர் பேச்சு' என்று எதிர்த்தரப்பு ஒதுக்கிவிடும். கேஸ் ஷீட்டும் ஆஸ்பத்திரியின் கையில். அந்தச் சிகிச்சை தவறு என்று இன்னொரு டாக்டர் வந்து சொல்ல வேண்டும். அதே வட்டாரத்தில் தொழில் செய்யும் யாரும் வரமாட்டார். இப்படி எல்லாப் பக்கமும் அடைபட்டு நின்ற ஒரு வழக்கைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அதைத் திறந்துவிட்டது மருத்துவத்தைப் பற்றிய கேள்வி அல்ல, படிப்பைப் பற்றிய கேள்வி.

வழக்கைக் கொண்டுவந்தவர் லோடு ஆட்டோ ஓட்டுபவர். அவர் மனைவிக்கு வயது முப்பத்து நான்கு. வாந்தி, பேதி என்று தாலுகா தலைநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைவு. வாந்தி பேதியில் அது குறைவது சகஜம், சரிசெய்யக்கூடியதும்கூட. டாக்டர் எம்.டி. படித்தவர். ஒரு ஆம்பூல் பொட்டாசியம் குளோரைடை ஒரு பாட்டில் சலைனில் கலந்து நான்கு மணி நேரத்தில் ஏற்றச் சொல்லி எழுதியிருந்தார். எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் நடந்ததை அந்தப் பெண்ணின் தாயார் என் ஆபீசில் உட்கார்ந்து சொன்னார்: "ஊசியை ட்ரிப்ஸ் போற குழாய்ல குத்தி ஏத்துச்சு சார் அந்தப் பொண்ணு. கை எரியுது, கை எரியுதுன்னு எம் மக கத்துனா. 'அப்படித்தான் இருக்கும், கையை ஆட்டாதீங்கக்கா'ன்னு சொல்லுச்சு. கொஞ்ச நேரத்துல கண்ணு மேல போயிருச்சு."

பொட்டாசியம் குளோரைடு சலைனில் கலந்து துளித்துளியாக இறங்கினால் மருந்து. கலக்காமல் நேரே நரம்பில் ஏற்றினால் இதயத் துடிப்பை நிறுத்திவிடும். அமெரிக்காவில் விஷ ஊசி மூலம் மரண தண்டனை நிறைவேற்றப் பயன்பட்ட மருந்துகளில் அதுவும் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஒன்பது நோயாளி பாதுகாப்புத் தீர்வுகளில், இப்படிப்பட்ட அடர் கரைசல்களைக் கட்டுப்படுத்துவது தனியொரு தலைப்பாகவே இடம்பெற்றது. உலகம் முழுக்க இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

இதை எப்படி நிரூபிப்பது? பிரேதப் பரிசோதனை அறிக்கை கை கொடுக்கும் என்று நினைப்பீர்கள். கொடுக்காது. உயிர் பிரிந்த பிறகு செல்கள் சிதைந்து, அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் இரத்தத்தில் கசிந்துவிடும். யார் எப்படி இறந்தாலும் அளவு கூடுதலாகத்தான் காட்டும். போலீஸ் சந்தேக மரணம் என்று பதிவு செய்தது. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, டாக்டர் மீது குற்ற வழக்கு என்றால் முதலில் வேறொரு மருத்துவரின் நடுநிலையான கருத்து வேண்டும். கேட்டார்கள். 'உறுதியாகக் கூற இயலாது' என்று வந்தது. கோப்பு மூடப்பட்டது. எங்களுக்கு மிஞ்சியது மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றம் மட்டும்தான். மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று வி.பி. சாந்தா வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்திருந்ததால் அந்தக் கதவாவது திறந்திருந்தது.

கட்சிக்காரர் ஒரு மஞ்சப்பை நிறைய காகிதம் வைத்திருந்தார். அதில் ஆஸ்பத்திரி மருந்துக்கடை பில் ஒன்று. அன்று சாயங்காலம் வாங்கியது. கே.சி.எல். (பொட்டாசியம் குளோரைடு) ஆம்பூல் ஒன்று, 10 மில்லி சிரிஞ்சு ஒன்று. சலைன் பாட்டில் இல்லை. பாட்டில் வாங்காமல் எதில் கலந்தார்கள் என்று புகார் மனுவிலேயே கேட்டேன். எதிர்த்தரப்பு பதிலுரை தயாராக வந்தது: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பாட்டிலில் கலந்தோம், மரணத்துக்குக் காரணம் மாரடைப்பு. கேஸ் ஷீட்டிலும் 'ஊசி கொடுக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது. கலந்தா, கலக்காமலா என்று ஒரு சொல் இல்லை. தாயார் சொல்வதா, ஆஸ்பத்திரி சொல்வதா என்ற இழுபறியில் வழக்கு நின்றது.

பதிலுரையை மறுபடி படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. டாக்டரின் பட்டங்கள், பதிவு எண், அனுபவம் எல்லாம் ஒரு பத்தி முழுக்க இருந்தன. ஊசி போட்ட பெண்ணைப் பற்றி 'பயிற்சி பெற்ற டியூட்டி நர்ஸ்' என்று நான்கே சொற்கள். எங்கே பயிற்சி, யார் கொடுத்த பதிவு என்று எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் நர்ஸ் என்று வேலை பார்க்க, தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதிகள் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சட்டம் 1926-ஆம் ஆண்டுச் சட்டம். யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாத அளவுக்குப் பழையது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். பதில் ஒரு பக்கம்: அந்தப் பெயரில் பதிவு இல்லை, அவர் படித்ததாகச் சொல்லப்படும் நிறுவனம் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலும் இல்லை.

குறுக்கு விசாரணைக்கு அனுமதி கேட்டேன். நுகர்வோர் மன்றங்களில் பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தோடு சாட்சியம் முடிந்துவிடும். தேவைப்பட்டால் ஆணையரை நியமித்துக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்று 2002-இல் ஜே.ஜே. மெர்ச்சன்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதைக் காட்டியதும் மன்றம் ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமித்தது. அவருடைய ஆபீஸ் மாடியில் அந்தப் பெண் வந்து உட்கார்ந்தார். இருபத்திரண்டு வயது இருக்கும்.

"நர்சிங் எங்கம்மா படிச்சீங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜவுளிக்கடைக்கு மேல்மாடி. ஒரு வருடம். சான்றிதழைக் கொண்டுவந்திருந்தார். தங்க நிற முத்திரை, 'அரசுப் பதிவு பெற்றது' என்ற வரி, ஒரு பதிவு எண். அந்த எண் அந்த இடத்தை நடத்தும் அறக்கட்டளையைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்த எண். இப்படியொரு எண்ணைப் போட்டுத்தான் பல இடங்களில் பெற்றோரை நம்பவைக்கிறார்கள்.

"படிக்கும்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போனீங்க?"

"இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் சார்."

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"இங்க இருந்த சீனியர் அக்கா."

"அவங்க எங்க படிச்சாங்க?"

"அதே இடம்தான் சார்."

பிறகு கேட்டேன்: "கே.சி.எல். ஊசியை எப்படிப் போடணும்?"

"மெதுவா போடணும் சார்."

"எதுலயாவது கலக்கணுமா?"

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். ஆணையர் ஆட்சேபனையைக் குறித்துக்கொண்டு, பதில் சொல்லச் சொன்னார். அந்தப் பெண் டாக்டரின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "மெதுவா போடணும்னுதான் சொல்லிக் கொடுத்தாங்க" என்றார். ஆணையர் அதை அப்படியே எழுதினார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் இந்தப் பாடம் எப்படி நடக்கும் என்று பாருங்கள். இன்று டிப்ளமோ நர்சிங் 3 ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிமுறைப்படி 10 மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். வார்டில் ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற கணக்கில் படுக்கைகள் இருக்க வேண்டும். படுக்கையில்லாத கல்லூரிக்கு அனுமதி இல்லை. காகிதத்தில் பார்த்தால் இவை வெறும் விகிதங்கள். வார்டில் பார்த்தால் அர்த்தம் புரியும். மூத்த நர்ஸ் ஆம்பூலை எடுத்து லேபிளை இரண்டு முறை வாசிக்கிறார், பாட்டிலில் செலுத்துகிறார், மருந்து அடியில் தங்காமல் இருக்க பாட்டிலைத் தலைகீழாகப் புரட்டிக் கலக்குகிறார், மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி ஒட்டுகிறார், துளிகளை எண்ணுகிறார். மாணவி பக்கத்தில் நின்று பார்க்கிறாள்; பிறகு ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்க அவளே செய்கிறாள். ஆசிரியரும் வார்டும் இல்லாத மாடி அறையில் இதைக் கற்றுத்தர வழியே இல்லை. அங்கே தவறும் பாடமாகிவிடுகிறது. சீனியர் அக்காவிடமிருந்து அடுத்த பெண்ணுக்குப் போய்ச் சேருகிறது.

வாதத்தின்போது எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு நல்ல கேள்வியைத்தான் கிளப்பினார். பதிவு இல்லாதது கவுன்சில் பார்க்க வேண்டிய விஷயம். மரணத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு? லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான் என்பதற்காகவே விபத்து அவன் தவறு என்று ஆகிவிடுமா?

நான் இரண்டு தீர்ப்புகளை வைத்தேன். ஒன்று, 1996-இன் பூனம் வர்மா வழக்கு. ஹோமியோபதி படித்தவர் ஒரு நோயாளிக்கு அலோபதி மருந்து கொடுத்தார்; நோயாளி இறந்தார். தனக்குத் தகுதியில்லாத மருத்துவத்தில் இறங்குவதே அலட்சியம், அதற்குமேல் தனி நிரூபணம் தேவையில்லை என்றது உச்ச நீதிமன்றம். மற்றொன்று 1998-இன் ஸ்பிரிங் மெடோஸ் வழக்கு. அதுவும் ஊசிதான், அதுவும் நர்ஸ்தான். டைபாய்டு சிகிச்சைக்கு வந்த குழந்தைக்கு வேறு மருந்தை நரம்பில் ஏற்றியதில் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. தகுதியில்லாதவரை நர்சாக வைத்து அவர் கையில் குழந்தையை ஒப்படைத்ததே ஆஸ்பத்திரியின் அலட்சியம் என்று தீர்ப்பாயிற்று. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்குத் தனியாக 5 லட்சம். இவற்றோடு 2010-இன் கிஷன் ராவ் தீர்ப்பையும் சேர்த்தேன்: எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை.

மன்றம் எங்கள் பக்கம் தீர்ப்பளித்தது. டாக்டர் எழுதியது சரி. ஆனால் அதை நிறைவேற்றத் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டுப் போனது சரியல்ல. மருந்துக்கடை பில்லும், 'மெதுவா' என்ற பதிலும், தாயாரின் சாட்சியமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று எழுதினார்கள். இழப்பீடு முழுவதும் ஆஸ்பத்திரி தலையில். மேல்முறையீட்டில் மாநில ஆணையமும் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்ணை நான் எதிர்த்தரப்பாகச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் ஆஸ்பத்திரி பழியை அவள் மேல் போட்டுவிட்டு நழுவியிருக்கும். அவளும் கட்டணம் கட்டி ஏமாந்தவள்தான்.

அங்கீகாரம் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். இந்திய மருத்துவக் கவுன்சிலின் தலைவரே கல்லூரி அனுமதிக்கு லஞ்சம் வாங்கியதாக 2010-இல் சி.பி.ஐ.யால் கைது செய்யப்பட்டார், கவுன்சில் கலைக்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில் நர்சிங் கல்லூரிகள் உண்மையில் இயங்குகின்றனவா என்று பார்க்க உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.யை அனுப்பியது. சாதகமான அறிக்கை தர லஞ்சம் வாங்கியதாக அந்த சி.பி.ஐ. அதிகாரிகளிலேயே சிலர் 2024-இல் கைதானார்கள். ஆய்வு நாளில் மட்டும் வாடகைக்கு வரும் ஆசிரியர்களும், படுக்கையில் படுக்க வைக்கப்படும் ஆரோக்கியமான 'நோயாளிகளும்' இந்தத் துறையில் உள்ள எல்லாரும் அறிந்த கதை. அங்கே வாங்கும் லஞ்சத்துக்கான விலையை வார்டில் படுத்திருக்கும் யாரோ கொடுக்கிறார்.

சட்டங்கள் மாறியிருக்கின்றன. 2019-இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்தது. பதிவில்லாமல் டாக்டர் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். 2021-இன் சட்டம் லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே டெக்னீஷியன் முதலியவர்களின் படிப்பையும் பதிவையும் முதன்முறையாக ஒரு தேசிய ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தது. 1947-இன் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டம் நிறைவேறியது. புத்தகத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி முதலாளி குறைந்த சம்பளத்துக்கு ஆள் தேடும்வரை ஜவுளிக்கடை மாடிக்கு மாணவிகள் வந்துகொண்டுதான் இருப்பார்கள்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வக்கீலாக இரண்டே விஷயங்கள். மகளை நர்சிங் சேர்க்கும் முன், 'அரசுப் பதிவு பெற்றது' என்ற பலகையை நம்பாதீர்கள். மாநில நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டப்படிப்பு என்றால் பல்கலைக்கழக இணைப்பையும் பாருங்கள். பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில் என்று கேட்டு, அந்த வார்டை நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், ஊசி போட வருபவரிடம் என்ன மருந்து, பதிவு உண்டா என்று கேளுங்கள். மருந்துக்கடை பில் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது கேஸ் ஷீட் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் கொடுத்தாக வேண்டும் என்று 2002-இன் மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன.