மூன்றாவது சத்தம்

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஒரு சிற்றூர். லேத் பட்டறையில் நாற்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அங்கே இருக்கிறார். அவர் வீட்டில், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள், எண்ணெய்த் துணியில் சுற்றிய சின்ன ரிவால்வர் ஒன்று இருக்கிறது. அவருடைய தாத்தாவின் சொத்து. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1880-களில் செய்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மேல் பூட்டை விடுவித்தால் குழல் கீழ்நோக்கி மடியும். சுட்டு முடித்த ஐந்து பித்தளைக் கூடுகளும் ஒன்றாக எழும்பி வெளியே விழும்.

1898-ஆம் ஆண்டோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கிகளை அமெரிக்க மத்தியச் சட்டம் 'பழம்பொருள்' என்று தனியாக வைத்திருக்கிறது. பலர் அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்ப்பதோடு சரி. பெரியவருக்கு அது போதவில்லை. தாத்தா கேட்ட சத்தத்தை ஒருமுறையாவது தானும் கேட்க வேண்டும் என்று ஆசை.

ஆனால், அதற்கான தோட்டா சுலபத்தில் கிடைப்பதில்லை. '.32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்' என்ற அந்தத் தோட்டா 1878-இல் வந்தது. அப்போது அதற்குள் இருந்தது கரிமருந்து. பொட்டாசியம் நைட்ரேட், கரித்தூள், கந்தகம் மூன்றும் கலந்த பழைய வெடிமருந்து. 1884-இல் பிரான்சில் பால் வியே என்ற வேதியியலாளர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். கொஞ்சமாகப் போட்டாலே பெரும் வேகம் கொடுக்கும் சரக்கு அது. பிறகு வந்த துப்பாக்கிகளின் இரும்பு அதைத் தாங்கும்படி செய்யப்பட்டது. தாத்தாவின் ரிவால்வர் அதற்கு முந்தைய தலைமுறை. அழுத்தம் அளவு மீறினால் தோட்டா இருக்கும் உருளையே வெடித்துச் சிதறும். பக்கத்தில் இருப்பது சுடுபவரின் கையும் கண்ணும்.

அதனால் அவர் தோட்டாவைத் தானே கையால் நிரப்பத் தீர்மானித்தார். அமெரிக்காவில் இது பலருக்குப் பொழுதுபோக்கு. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாவைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

முதலில் துப்பாக்கியை, பழுது பார்ப்பவரிடம் காட்டினார். பூட்டு ஆடவில்லை, உருளை குழலோடு நேராக நிற்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் வேலை தொடங்கியது. சுட்டு முடித்த கூட்டைக் கழுவி, பழைய அளவுக்கு நெருக்கி, அடியில் தீ கொடுக்கும் புது பிரைமரைப் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே ஈயக் குண்டை உட்கார வைக்க வேண்டும். மருந்தை நிறுக்கும் அளவு 'கிரெயின்'. 7,000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. நம் பொற்கொல்லர்களின் குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி.

முதலில் அவர் எடுத்தது புகையில்லா மருந்தைத்தான். கரி பிடிக்காது, துடைப்பது சுலபம். "கிழட்டுத் துப்பாக்கி, பாவம். சாதுவாகப் போடுவோம்" என்று அளவைக் குறைத்தார். மனசு கேட்காமல் இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

கல்லூரியில் படிக்கும் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். இருவரும் நண்பர் ஒருவரின் பண்ணைக்குப் போனார்கள். பின்னால் பெரிய மண்மேடு. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி. முதல் இரண்டும் 'பட்', 'பட்' என்று போயின. மூன்றாவது 'புஸ்' என்றது. பட்டறை இரைச்சலில் பாதிக் காதைத் தொலைத்தவர் அவர். மேலே மூடி வேறு. வித்தியாசம் தெரியவில்லை. நான்காவதுக்கு விரல் விசைக்குப் போனது.

"தாத்தா, நிறுத்துங்க! சத்தம் சரியில்லை!"

விரல் நின்றது. துப்பாக்கியின் வாயை மண்மேட்டை விட்டுத் திருப்பாமல் அப்படியே காத்திருந்தார். பிறகு மடித்து, எல்லாத் தோட்டாக்களையும் எடுத்துவிட்டு, பின்பக்கமாகக் குழலைப் பார்த்தார். மறுபக்கத்து வெளிச்சம் தெரியவில்லை. மூன்றாவது குண்டு பாதி வழியில் சிக்கியிருந்தது. அதை வெளியே தள்ளும் பலம் மருந்துக்கு இல்லை. நான்காவது அதன்மேல் மோதியிருந்தால் குழல் பிளந்திருக்கும்.

அன்று மாலை, பித்தளைக் கம்பியால் மெல்லத் தட்டிக் குண்டை எடுத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதிகமானால் ஆபத்து என்பது அவருக்குத் தெரியும். குறைந்தாலும் ஆபத்து என்பதை ஏட்டில் படித்திருந்தார், நம்பவில்லை. இன்னொன்றும் உறைத்தது. புகையில்லா மருந்து கூட்டின் அடியில் கொஞ்சமாகத்தான் கிடக்கும். கவனம் சிதறி அதே கூட்டில் இரண்டாம் முறை போட்டாலும் இடம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது.

மறுவாரம் கரிமருந்து வாங்கினார். அந்தக் கூடு அதற்காகவே செய்தது. கூட்டில் வெற்றிடம் இல்லாமல் நிரப்பி, குண்டு லேசாக அழுத்தும்படி வைக்க வேண்டும். இரண்டு தரம் போட்டால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். வீரியமானதை வாங்கிக் கிள்ளிப் போடுவது மிதம் என்று நினைத்தவருக்கு, அந்தத் துப்பாக்கிக்கு உரியதை உரிய அளவில் போடுவதுதான் மிதம் என்று அப்போது புரிந்தது.

கரிமருந்துக்கு வேலை அதிகம். நெருப்புப் பொறி கிட்டே வரக்கூடாது. சுட்டதும் வெள்ளைப் புகை. தீபாவளிக் காலையில் நம் தெருவில் அடிக்குமே, அந்தக் கந்தக வாசம். படியும் கரி காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவாக்கிவிடும். அன்றே சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூச வேண்டும். ஈயம் தொட்ட கையைச் சாப்பிடும் முன் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இப்போது அந்த வேலையில் பாதி பேத்தியுடையது. தோட்டாப் பெட்டியின்மேல் தேதி, மருந்தின் பெயர், அளவு எல்லாவற்றையும் அவளே எழுதுகிறாள். பண்ணைக்குப் போனால் ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுத் தலையசைக்கிறாள். அவள் தலையசைக்கும்வரை பெரியவர் அடுத்ததைச் சுடுவதில்லை.