காத்திருக்கும் காகிதமும் காத்திராத பேச்சும்: களப்பணிக்கு எந்த லென்ஸ்?

மிரர்லெஸ் கேமரா வாங்கிய பிறகு, அதற்கென்றே செய்யப்பட்ட நேட்டிவ் லென்ஸை வாங்குவதா, பழைய எஸ்எல்ஆர் லென்ஸை அடாப்டர் வழியாகப் பொருத்திக்கொள்வதா என்று களப்பணிக்குப் புறப்படும் மாணவர்கள் சிலர் கேட்டிருந்தனர். உள்பெட்டியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதைவிடப் பொதுவில் எழுதிவைப்பது பயன்படும் எனத் தோன்றியது. சற்றே நீண்ட பதிவு. புகைப்படக் கலைஞருக்கான அறிவுரை அன்று. உதவித்தொகையில் மிச்சம் பிடித்துக் கருவி வாங்கும் மொழி ஆய்வாளருக்கானது.

நான் பதிவு செய்வது மும்பைத் தமிழ். அது ஒரு தமிழன்று. தாராவியில் ஒலிப்பது பெரும்பாலும் திருநெல்வேலித் தமிழ். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தோல் பதனிடுதலுக்கும் பிற கூலி வேலைகளுக்கும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பேசுவது. மாட்டுங்காவில் தஞ்சாவூரும் பாலக்காடும் கலந்த பழைய அலுவலகக் குடும்பங்களின் பேச்சு. 1896ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த தாதர் - மாட்டுங்கா மனைத்திட்டத்தோடு சேர்ந்து வளர்ந்த குடியிருப்பு அது. செம்பூரில் இரண்டும் உண்டு. மாட்டுங்காவிலிருந்து பெயர்ந்தோரும், நேரே ஊரிலிருந்து வந்தோரும் அங்கே அடுத்தடுத்துக் குடியிருக்கின்றனர். மூன்று இடங்களிலும் நான் சேகரிப்பவை இரண்டு: மனிதர் பேசும் காணொளி, அவர்கள் பெட்டியில் வைத்திருக்கும் கடிதங்களும் அழைப்பிதழ்களும். லென்ஸ் குறித்த என் முடிவு இவ்விரண்டின் வேறுபாட்டிலிருந்தே பிறந்தது.

முதலில், பழைய லென்ஸ் புதிய கேமராவில் எப்படிப் பொருந்துகிறது என்பதைப் பார்ப்போம். லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து ஒளி விழும் உணரி வரையுள்ள தொலைவு ஒவ்வொரு கேமரா முறைக்கும் நிலையானது. எஸ்எல்ஆர் கேமராவின் உள்ளே சாய்ந்து நின்று மேலெழும் கண்ணாடிக்கு இடம் வேண்டியிருந்ததால் அத்தொலைவு அதிகம். 1959இல் அறிமுகமான நிக்கான் எஃப் முறையில் அது 46.5 மி.மீ.; 1987இல் வந்த கேனன் இஎஃப் முறையில் 44 மி.மீ. கண்ணாடி நீக்கப்பட்டதும் தொலைவு சுருங்கியது. 2010இல் வந்த சோனி ஈ முறையில் 18 மி.மீ.; 2018இல் வந்த நிக்கான் இசட் முறையில் 16 மி.மீ. ஆகவே நிக்கான் எஃப் லென்ஸைச் சோனி உடலில் பொருத்த 28.5 மி.மீ. நீளமுள்ள வெற்றுக்குழாய் போதும். உள்ளே கண்ணாடிச் சில்லு எதுவும் தேவையில்லை. மறுதலையாக, மிரர்லெஸ் லென்ஸைப் பழைய எஸ்எல்ஆரில் இப்படிப் பொருத்த முடியாது. இல்லாத இடைவெளியைக் குழாயால் நிரப்பலாம். இருக்கும் இடைவெளியைக் குழாயால் குறைக்க இயலாது.

குழாய் ஒளியைக் கடத்தும், செய்தியைக் கடத்தாது. சோனி ஈ லென்ஸின் பின்புறம் பத்து மின்தொடுமுனைகள் உள்ளன. அவற்றின் வழியே லென்ஸ் தன் குவியத் தொலைவையும் துளையளவையும் கேமராவுக்குச் சொல்கிறது. கேமரா குவியத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று லென்ஸுக்குச் சொல்கிறது. வெற்று அடாப்டரில் இந்த உரையாடல் இல்லை. குவியத்தை விரலால் திருப்ப வேண்டும். துளையை லென்ஸிலேயே வைக்க வேண்டும். படக்கோப்பில் அவ்விரு விவரங்களும் பதிவாகா. லென்ஸ் பொருத்தப்பட்டிருப்பதே கேமராவுக்குத் தெரியாது என்பதால், லென்ஸ் இல்லாமலும் படமெடுக்க அனுமதிக்கும் அமைப்பை முதலில் இயக்கிவைக்க வேண்டும்.

மொழியியல் படித்தவர்களுக்கு 'நேட்டிவ்' என்ற சொல் சற்று உறுத்தும். தாராவியில் பிறந்த மூன்றாம் தலைமுறைப் பிள்ளைக்கு எது தாய்மொழி என்ற கேள்வியோடு மல்லாடுபவர்கள் நாம். தொல்காப்பியம் எச்சவியலில் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கைச் சொல்லி, நான்கையும் செய்யுளுக்கு உரியவையாகவே வைக்கிறது. வடசொல் தமிழ் எழுத்துக்கு ஏற்பப் பொருந்தி வரவேண்டும் என்று மட்டும் விதிக்கிறது. அங்கே கேள்வி தூய்மை பற்றியதன்று, பொருத்தம் பற்றியது. லென்ஸ் தேர்விலும் அதே கேள்வியைக் கேட்டால் போதும்: எந்த வேலைக்கு எது பொருந்தும்?

தாராவி வீட்டிலிருந்து தொடங்குகிறேன். பத்தடிக்குப் பத்தடி அறை. ஒரு மூலையில் அடுப்புமேடை, மறுமூலையில் பீரோ, சுவரோரம் கட்டில். முக்காலியை எங்கே வைத்தாலும் பேசுபவருக்கும் எனக்கும் இடையில் இரண்டு மீட்டருக்கு மேல் கிடைப்பதில்லை. என் கேமராவின் ஏபிஎஸ்-சி உணரியின் அகலம் 23.5 மி.மீ. இரண்டு மீட்டர் தொலைவில் 28 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலம் ஏறத்தாழ 1.7 மீட்டர்; 16 மி.மீ. லென்ஸ் காட்டுவது ஏறத்தாழ 2.9 மீட்டர். பழைய லென்ஸ்களில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 50, 35, 28 மி.மீ. அளவினவே. அவை 35 மி.மீ. படச்சுருளுக்காகச் செய்யப்பட்டவை, சிறிய உணரியில் அவற்றின் பார்வை குறுகிவிடும். 28 மி.மீ. லென்ஸ் 42 மி.மீ. போலத்தான் நடந்துகொள்ளும். உண்மையிலேயே அகலமான பழைய லென்ஸ் அரிது. கிடைத்தாலும் விலை குறைவில்லை.

இந்த 1.2 மீட்டர் வேறுபாடு மொழி ஆய்வில் பெரிது. ஒரே வீட்டில் இரவல் லென்ஸ்களை வைத்து இரு நாள்கள் சோதித்தபோது அது தெளிவாகத் தெரிந்தது. பேசுபவர் ஓர் ஆச்சி. மருமகளிடம் திரும்பி, "ஏட்டி, அந்தச் சோத்த எறக்கு" என்கிறார். அடுத்த நொடி வாசலில் நிற்கும் பேரனிடம் கதவைச் சாத்தச் சொல்வது இந்தியில். என் பக்கம் திரும்பினால் 'சோறு' 'சாப்பாடு' ஆகிவிடுகிறது. மூன்று மொழிநடைகள், மூன்று கேட்போர். குறுகிய சட்டகத்தில் ஆச்சி மட்டும் இருக்கிறார். அவர் மொழி மாறுவது கேட்கிறது. யாரைப் பார்த்து மாறியது என்பது படத்தில் இல்லை. அகன்ற சட்டகத்தில் மருமகளும் வாசற்படியும் அடங்குகின்றன.

பேச்சுநடை கேட்பவரை நோக்கி வடிவம் பெறுகிறது என்று ஆலன் பெல் 1984இல் வாதிட்டார். அதற்கும் முன்பே, 1979இல், பேசுபவரின் பார்வை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகரும்போது உருவாகிக்கொண்டிருக்கும் வாக்கியமே மாற்றியமைக்கப்படுவதைச் சார்ல்ஸ் குட்வின் காணொளியிலிருந்து காட்டினார். இவற்றை வகுப்பில் படிக்கிறோம். கேட்பவரைச் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிட்டு மொழிமாற்றத்தை ஆராய்ந்தால், விளைவை வைத்துக்கொண்டு காரணத்தை ஊகிக்கும் நிலை வந்துவிடும்.

இரண்டாவது காரணம் கண். கையால் குவியம் திருப்பும்போது ஆய்வாளர் திரையைப் பார்த்தே ஆகவேண்டும். ஆச்சி முன்னே சாய்ந்தால் திருப்ப வேண்டும், பின்னே சாய்ந்தால் திருப்ப வேண்டும். சோதனையின் முதல் நாளில் அவரே சொன்னார்: "ஏய்யா, என்னையப் பாத்துக் கேளு. பொட்டியையே பாத்துக்கிட்டிருந்தா நான் யார்ட்ட பேச?" களப்பணிக் கையேடு எதிலும் இதைவிடத் தெளிவான அறிவுரை இல்லை. கண்ணைக் கண்டறிந்து குவியத்தைத் தானே பின்தொடரும் நேட்டிவ் லென்ஸ் இருந்தால், கேமராவை ஓடவிட்டு நான் கேட்பவராக அமரலாம். அங்கே நானும் உரையாடலின் ஒரு பகுதி. என் பார்வை எங்கிருக்கிறது என்பதும் தரவைப் பாதிக்கிறது.

ஆகவே பேச்சுக்கு நேட்டிவ் லென்ஸ், அதுவும் அகலமானது. இதில் எனக்கு ஐயமில்லை.

காகிதத்துக்கு வரும்போது கணக்கு தலைகீழாகிறது. மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் அரை நூற்றாண்டுக்கு முந்தைய திருமண அழைப்பிதழ்கள், அஞ்சலட்டைகள், இன்லண்ட் கடிதங்கள் கிடைக்கின்றன. தாராவியில் சில வீடுகளில் மணியார்டர் ஒப்புகைத் துண்டுகளைக் கட்டிவைத்திருக்கின்றனர். ஊருக்குப் பணம் அனுப்பியதற்குச் சான்றாக, பெற்றுக்கொண்ட தாயின் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ பதிந்து மும்பைக்குத் திரும்பி வந்த துண்டுகள் அவை. யாரும் அவற்றை வெளியே கொடுத்தனுப்ப மாட்டார்கள், கேட்பதும் முறையன்று. அவர்கள் வீட்டிலேயே, சன்னலோர வெளிச்சத்தில், படியெடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேலைக்கு நான் வாங்கியது நிக்கானின் பழைய 55 மி.மீ. மைக்ரோ-நிக்கார். இந்த வரிசையின் வரலாறு எழுத்தோடு தொடர்புடையது. 1956இல் வந்த முதல் மைக்ரோ-நிக்கார், ஆவணங்களை நுண்படச் சுருளில் படியெடுக்கும் தேவைக்காக வடிவமைக்கப்பட்டது. ரோமன் எழுத்துக்குப் போதுமான கூர்மை, கோடுகள் நெருங்கிய கஞ்சி எழுத்துக்குப் போதவில்லை என்பதே அதன் பின்னணி. ஓர் எழுத்துமுறையின் நெருக்கம் ஒரு லென்ஸின் வடிவமைப்பைத் தீர்மானித்திருக்கிறது.

தமிழுக்கும் அது பொருந்துகிறது. 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான அழைப்பிதழ்களில் ணை, லை, ளை, னை ஆகியவை மேலே வளைந்த துதிக்கை வடிவிலும், ணா, றா, னா ஆகியவை பழைய கூட்டுவடிவிலும் இருக்கும். கையெழுத்தில் அவ்வடிவங்கள் 1978க்குப் பின்னும் நீடிக்கின்றன. மும்பையில் எழுதிய ஒருவர் எந்த ஆண்டுவரை பழைய 'லை'யை எழுதினார், அவர் பிள்ளைகள் எதைக் கற்றனர் என்பது என் ஆய்வின் ஒரு கிளைக்கேள்வி. 14 செ.மீ. அகல அஞ்சலட்டை 6,000 புள்ளி அகலமுள்ள படத்தை நிறைத்தால் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 43 புள்ளிகள் கிடைக்கும். பேனா மை பரவிய ஒரு சுழியைப் பிரித்தறிய அது போதும். ஆனால் ஓரங்களிலும் லென்ஸ் அதே கூர்மையைத் தந்தால்தான். தட்டையான பரப்பை ஓரம்வரை ஒரே கூர்மையில் காட்டுவதே இவ்வகை லென்ஸின் சிறப்பு. தானியங்கிக் குவியம் இல்லாதது இங்கே குறையன்று. காகிதம் அசையாது, எத்தனை நிமிடம் வேண்டுமானாலும் காத்திருக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கோட்டைப் பகுதியின் போரா பஜார் கடைகளில் பழைய லென்ஸ்களைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். பின்புறமிருந்து கைவிளக்கைப் பிடித்து உள்ளே நோக்குங்கள். சிலந்தி இழைபோல் தெரிந்தால் அது பூஞ்சை. மும்பை மழைக்காலத்தில் அது வேகமாகப் பரவும். வாங்கிய பின்னும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில்தான் வைக்க வேண்டும். துளை வளையம் இல்லாத லென்ஸை எளிய அடாப்டருக்கு வாங்காதீர்கள். அடாப்டரின் இரு முகங்களும் இணையாக இல்லாவிட்டால் பக்கத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். சுவரில் ஒட்டிய செய்தித்தாளைப் படமெடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். கோப்பில் விவரம் பதிவாகாது என்பதால், ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோலை வைத்து, நாள், இடம், லென்ஸ், துளையளவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஆவணக்காப்பகத்துக்குப் போகும் தரவில் இந்தக் குறிப்பு விருப்பத்துக்குரியதன்று.

இரண்டையும் வாங்க இயலாதவர்கள் அகன்ற நேட்டிவ் லென்ஸை முதலில் வாங்கலாம். கடிதத்தைப் பிறகு படியெடுத்துக்கொள்ள முடியும்.

பேச்சுக்கு அந்தப் 'பிறகு' இல்லை. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலம் 2022 நவம்பரில் முடிவானது. வீடுவாரிக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. புதிய வீடு நல்லதா கெட்டதா என்பது அங்கு வாழ்பவர்கள் சொல்ல வேண்டியது. என் கவலை சிறியது, திட்டவட்டமானது. மருமகள் அடுப்பருகில், பேரன் வாசற்படியில், எதிர்வீட்டு அக்கா சந்தில் என நால்வர் ஒரே நேரத்தில் ஒருவர் காதில் ஒருவர் பேச்சு விழும் தொலைவில் இருப்பதால்தான் ஒரே மூச்சில் மூன்று நடைகள் பிறக்கின்றன. அந்தத் தொலைவு மாறினால் பேச்சும் மாறும். இடம் பெயர்வோர் கடிதக் கட்டைக் கையோடு எடுத்துச் செல்வார்கள்; சந்தை எடுத்துச் செல்ல முடியாது.

அதனால்தான் கையிலிருந்த பணத்தின் பெரும்பகுதி அந்த 16 மி.மீ. லென்ஸுக்குப் போனது. வேறு நகரங்களில், வேறு அளவு வீடுகளில் பதிவு செய்பவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம். உங்கள் அறையின் நீளத்தையும், உங்கள் பதிவில் கேட்பவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பதையும் முதலில் அளந்துகொள்ளுங்கள். லென்ஸின் பெயரை அதற்குப் பிறகு பேசலாம்.