கழியின் நீளம்

தூண்டில் போடுகிறவர்களிடம் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. கரையில் நிற்கும்போது வழிப்போக்கர் கேட்பது, "என்ன அண்ணாச்சி, எதுவும் மாட்டுச்சா?" வீடு திரும்பியதும் கேட்கப்படுவது, "இந்தக் கம்புக்கு எவ்வளவு ஆச்சு?" முதல் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை தந்துவிடலாம். இரண்டாவது அவ்வளவு எளிதன்று. ரீல், கார்பன் கழி, பின்னல் நரம்பு, செயற்கை இரைகள், போகவர ஆகும் பெட்ரோல் ஆகியவற்றைக் கூட்டி, ஆண்டு முழுதும் பிடித்த மீனின் எடையால் வகுத்தால், சந்தையில் கிடைக்கும் எந்த மீனும் அந்த விலைக்கு அருகில் வராது. வகுத்துப் பார்க்க வேண்டாம் என்பது எங்கள் நால்வருக்கும் இடையே நிலவும் எழுதப்படாத ஒப்பந்தம்.

மீனுக்காக இல்லையென்றால் இத்தனை கருவிகள் எதற்கு? தாமிரபரணியின் கால்வாய்கள் நிரப்பும் குளங்களின் கரைகளில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், இதைப் பற்றி நாங்கள் நிறையவே பேசியிருக்கிறோம். தக்கை அசையாத நேரம் மனிதனைப் பேச வைக்கும். பேச்சு கருவியில் தொடங்கி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன், புதிதாக வாங்கிய செல்பேசி என்று சுற்றிவிட்டு மறுபடி கருவிக்கே வந்து சேரும். இப்படிப் பல ஆண்டுகள் பேசியதில் ஒன்று மட்டும் தெளிவாகியிருக்கிறது. கருவிகளைப் பற்றிய பேச்சு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது, உண்மையில் எவ்வளவு போதும் என்பதைப் பற்றிய பேச்சாகவே இருந்திருக்கிறது.

மூங்கில் கழியிலிருந்து தொடங்குவதே முறை. நல்ல தூண்டில் கழிக்குக் கல்மூங்கில் வேண்டும். அடி கனத்து, நுனி மெலிந்து, கணுக்கள் நெருங்கியதாகத் தேர்ந்து, நிழலில் உலர்த்தி, வளைவுள்ள இடங்களைத் தீயில் வாட்டி நிமிர்த்த வேண்டும். இதன் உயிர் நுனியில் இருக்கிறது. மீன் இழுக்கும்போது வளைந்து கொடுத்து, விட்டதும் நிமிர்கிற நுனி அது. சங்கப் புலவர் ஒருவர் இதை எவ்வளவு துல்லியமாகக் கண்டிருக்கிறார் என்பது தூண்டில் பிடித்தவர்களுக்குத்தான் முழுதாக விளங்கும். குறுந்தொகையின் 54ஆம் பாடலில், காட்டு யானை வளைத்துப் பிடித்த பச்சை மூங்கில், தினைப்புனம் காப்போரின் கவணொலிக்கு வெருண்டு யானை கைவிட்டதும், விசுக்கென்று மேலெழுகிறது. அதற்கு உவமை தூண்டில். அந்தப் புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை; உவமையை வைத்தே மீனெறி தூண்டிலார் என்று அழைக்கப்படுகிறார். காதலன் வந்து போன பின் தலைவியிடம் எஞ்சியிருக்கும் வெறுமையைச் சொல்லும் பாடல் அது. இலக்கியச் சுவையில் திளைப்பவர்கள் அந்தத் துயரத்தைப் பார்ப்பார்கள். நாங்கள் அதோடு கழியின் நுனியையும் பார்க்கிறோம். வளைத்தவன் விட்டுவிட்டால் மூங்கில் பழைய நிலைக்குப் போய்விடும். வளைந்ததற்கான சுவடு வெளியே தெரியாது. இதை அறிந்த ஒருவர் தாமே கழியைக் கையில் பிடித்திருப்பார் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

மூங்கில் கழிக்கு ஒரு கண்டிப்பான எல்லை உண்டு. பன்னிரண்டடிக் கழியும், ஏறத்தாழ அதே நீளத்தில் நரம்பும் என்றால், நிற்கும் இடத்திலிருந்து இருபது இருபத்தைந்து அடிக்கு அப்பால் உள்ள குளம் நமக்கு இல்லை. ஆகவே கரையை அறிந்தாக வேண்டும். மடையிலிருந்து நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, படித்துறைக் கல்லுக்கு அடியில் எந்த நேரம் நிழல் விழுகிறது, கருவேல மரத்தின் தூர் எங்கே நீருக்குள் கிடக்கிறது என்பனவெல்லாம் தெரிந்தவருக்கே மீன். கழி குட்டையாக இருந்ததால் கண் நீளமாக இருக்க வேண்டியிருந்தது.

ஆங்கிலேயர்களின் தூண்டில் வேதம் எனப்படும் ஐசக் வால்டனின் நூல் 1653இல் வெளிவந்தது. அரசர் முதலாம் சார்லஸ் கொல்லப்பட்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த, உள்நாட்டுப் போரின் காயம் ஆறாத காலம் அது. வால்டனின் நரம்பு குதிரைவால் மயிரைத் திரித்தது. சால்மன் பிடிப்போர் சிலர் கழியில் ஒரு சக்கரத்தைப் பொருத்துவதாக அவர் ஓரிடத்தில் குறிப்பிடுகிறார். அதைச் சொற்களால் விளக்குவதைவிட நேரில் ஒன்றைப் பார்த்துக்கொள்வதே நல்லது என்று விலகிக்கொள்கிறார். அந்தச் சக்கரந்தான் இன்றைய ரீலின் முன்னோடி. நூல் நெடுகத் தூண்டில்காரனின் பொறுமையைப் பேசும் மனிதர், வருங்காலத்தை மாற்றப்போகும் கருவியை ஒரு வாக்கியத்தில் கடந்துவிட்டார் என்பது எங்களுக்கு எப்போதும் வியப்பே.

அதன் பிறகு நடந்தவை யாவும் எல்லையை நீட்டிக்கொண்டே போன கதைதான். 1938இல் அறிவிக்கப்பட்ட நைலான், குதிரைமயிரையும் பட்டு நரம்பையும் வழக்கொழியச் செய்தது. 1970களில் கார்பன் இழைக் கழிகள் வந்தன. 1990களில் வந்த பாலிஎத்திலீன் பின்னல் நரம்பு, அதே பருமனுள்ள நைலானைவிடப் பன்மடங்கு வலிமை கொண்டது. இன்று எங்களில் மிகச் சோம்பலானவர்கூட, நாற்காலியில் உட்கார்ந்தபடியே குளத்தின் நடுவிலுள்ள அல்லிக்கொடிப் படுகை வரை இரையை எறிய முடியும். கரையை அறியாமலேயே மீன் பிடிக்கலாம் என்ற வசதி வந்திருக்கிறது.

எங்கள் அருகில் வழக்கமாக வந்து நிற்கும் பெரியவர் ஒருவர் உண்டு. மூங்கில் கழி, நெட்டித் தக்கை, கொட்டாங்குச்சியில் மண்புழு. ஈயக்குண்டுக்குப் பதிலாக சைக்கிள் கடையில் வாங்கிய பழைய நட்டு. ஒருநாள் எங்கள் ரீலைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுல எவ்வளவு நரம்பு கெடக்கு தம்பி?"

"நூறு மீட்டர் இருக்கும், ஐயா."

"நூறு மீட்டரா? அப்போ மீனு அந்தக் கரைக்குப் பக்கத்துல இருந்தா, அந்தக் கரைக்கே போயிரலாம்லா?"

ஏளனமேதும் இல்லாமல்தான் கேட்டார். எங்களிடம் விடை இல்லை. அன்று அவர் உளுவையும் கெளுத்தியுமாக ஒரு குழம்புக்குத் தேறும் அளவு பிடித்துக்கொண்டு, வெயில் ஏறும் முன் கிளம்பிவிட்டார். அவருடைய கணக்கில் குழம்புக்குத் தேறியதும் வேலை முடிந்தது. எங்கள் கணக்கு எங்கே முடியும் என்று எங்களுக்கே தெரியாதிருந்தது.

அந்த நட்டைப் பற்றி ஒரு சொல். பிரிட்டனில் அன்னப்பறவைகள் தூண்டில்காரர்கள் தவறவிட்ட ஈயக்குண்டுகளை விழுங்கி நஞ்சேறி இறந்ததால், 1987இல் சிறு ஈயக்குண்டுகளுக்குத் தடை வந்தது. இங்கே காசு மிச்சம் என்பதற்காகப் பெரியவர் கட்டும் இரும்பு நட்டு, அந்தச் சட்டம் வேண்டியதையே செய்கிறது. நாங்களும் நட்டுக்கு மாறிவிட்டோம். அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போவது எங்கள் இன்னொரு பழக்கம். நைலான் மக்குவதில்லை, கொக்கின் காலிலும் நீர்க்காகத்தின் சிறகிலும் சுற்றிக்கொண்டால், அதை அவிழ்க்க அவற்றுக்குக் கைகள் இல்லை. முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுகிறோம். சிறு மீனை வாய் கிழியாமல் கழற்றி விடலாம். நரம்பைத் தளரவிட்டால் பெரிய மீனும் கழன்று போகும் என்பது உண்மை. போகட்டும்.

ஜிலேபிக்கு மட்டும் இந்தத் தாட்சண்யம் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. முட்டைகளைப் பெண் மீன் வாயிலேயே வைத்துக் காப்பதால் பெருக்கத்துக்குக் குறைவில்லை. சென்னை மாகாண சிவில் சர்வீஸில் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர், இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி மட்டும் 1887இல் ஒரு தனி நூலே எழுதினார். அவர் அறிந்த குளத்தில் ஜிலேபி இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கோ, குளத்து மீன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். முள்ளில் வந்த ஜிலேபி எதுவும் நீருக்குத் திரும்புவதில்லை. பொரித்தால் சுவை குறைந்ததுமில்லை.

இனி விராலுக்கு வருவோம். எங்களுக்குள் மனத்தாங்கல் வரை போன விஷயம் அது.

வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் நிறையும்போது விரால்கள் இணைசேர்ந்து முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில், பந்துபோல் திரண்டு நீர்மட்டத்தில் திரியும். பெற்றவை அடியில் நின்று காவல் காக்கும். அந்தக் கூட்டத்தை நெருங்கும் எதையும் அவை பாய்ந்து தாக்கும். முன்பெல்லாம் இந்தக் காட்சி பெரும்பாலும் கழிக்கு எட்டாத அல்லிப் படுகையில் நடந்தது. கரையிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவே. இன்று ரப்பர் தவளை இருக்கிறது. கொடிகளின் மேல் சிக்காமல் வழுக்கிச் செல்லும்படி முள்ளை உள்ளடக்கிச் செய்தது. கார்பன் கழியால் அதை எறிந்து, குஞ்சுக் கூட்டத்தின் நடுவே இழுத்தால், இரண்டாம் எறிக்கோ மூன்றாம் எறிக்கோ விரால் கவ்வியே தீரும். தூண்டில் கலையில் இதைவிட எளிதான மீன் கிடையாது. விரால் விற்கும் விலைக்கு இதைவிட லாபமான மீனும் கிடையாது.

குஞ்சுக் கூட்டத்தின் மேல் எறிவதில்லை என்று நாங்கள் முடிவு செய்தோம். எங்களில் ஒருவர் ஒப்பவில்லை. அவருடைய வாதம் வலுவானது. "கோடையில தண்ணி வத்துனதும் மீன்பாசி குத்தகை எடுத்தவரு வலை போடுவாரு. தாயின்னு பார்ப்பாரா, குஞ்சுன்னு பார்ப்பாரா? நாம விட்டுவெச்சா அவருக்குத்தானே போகுது?" குத்தகைக்காரர் முறைப்படி ஏலத்தில் எடுத்தவர், அவர் அனுமதியோடுதான் நாங்களே அங்கே நிற்கிறோம். அவர் வலையை நாங்கள் குறைசொல்ல முடியாது. எங்கள் ஒழுக்கத்தால் விளையும் மீன் அவர் கூடைக்குப் போகும் என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் குத்தகைக்காரர் வாங்கி விடுவது கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை. எங்கள் குளங்களில் விராலை யாரும் வாங்கி விடுவதில்லை. அது குளத்தின் சொந்தப் பிள்ளை. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கக்கூடியது ஆதலால், குளம் வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழை வரை உயிர் தரிக்கும். வலைக்குத் தப்பிய சிலவற்றிலிருந்துதான் மறுஆண்டின் விரால்கள் வருகின்றன. காவல் போய்விட்ட குஞ்சுக் கூட்டமோ கெளுத்திக்கும் நீர்க்காகத்துக்கும் விருந்து. வலைக்குத் தப்ப வேண்டிய அந்தச் சிலவே அதற்குப் பின் இருக்கப்போவதில்லை.

இன்னொன்றும் உண்டு, நண்பரிடம் நாங்கள் அழுத்திச் சொன்னது அதுவே. தூண்டில் என்பது மீனின் பசியோடு ஆடும் ஆட்டம். இரையை நம்பவைப்பதில்தான் நம் திறமை இருக்கிறது. காவல் காக்கும் விரால் பசித்துக் கவ்வுவதில்லை. அது இரை என்று நம்பி ஏமாறவுமில்லை. பகையென்று கண்டு எதிர்க்கிறது. அங்கே நாம் வென்றது எதை?

ஒரு காலத்தில் இத்தகைய கேள்விகளை எழுப்ப வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கழியின் நீளமே பதில் சொல்லிவிட்டது. குட்டைக் கழி பிடித்தவரெல்லாம் உத்தமர் என்பதில்லை. அவர்களுக்கு எட்டவில்லை, அதனால் விராலும் பிழைத்தது. அன்றாட வாழ்விலும் இப்படித்தான் பலவற்றை நாங்கள் இழந்திருக்கிறோம். கடை எட்டு மணிக்கு அடைத்துவிடும் என்பதால் செலவு நின்றது. தபால் வந்துசேர இரண்டு நாளாகும் என்பதால் கோபத்தில் எழுதிய கடிதத்தை அனுப்பாமல் கிழிக்க முடிந்தது. கையில் பணமில்லாவிட்டால் பொருளும் இல்லை. நம்முடைய அடக்கம் என்று எண்ணியிருந்ததில் பெரும்பகுதி கருவிகளின் இயலாமைதான் போலும். இப்போது கருவிகள் எல்லாவற்றையும் எட்டச் செய்துவிட்டன. மிச்ச வேலை நம் தலையில் விழுந்திருக்கிறது.

ரீலைத் தூக்கி எறிந்துவிட்டு மூங்கிலுக்குத் திரும்புவது இதற்குத் தீர்வாகாது. அது ஒருவகை நாடகமாகவே முடியும். நல்ல ரீலின் ஓட்டம், பின்னல் நரம்பு வழியே விரலுக்கு வந்துசேரும் மெல்லிய தட்டல், இவற்றின் இன்பத்தை நாங்கள் அறிவோம். அதற்காக வெட்கப்படவும் இல்லை. நூறு மீட்டர் நரம்பு இருப்பதால் நூறு மீட்டரும் எறிந்தாக வேண்டியதில்லை என்பதை மட்டும் பழகிக்கொண்டிருக்கிறோம்.

நண்பர் இன்றுவரை எங்கள் காரணங்களை ஏற்கவில்லை. நால்வரில் மூவர் சொன்னதால் கட்டுப்பட்டதாகவே சொல்கிறார். போன மழைக்காலத்தில் அல்லிப் படுகையோரம் செம்மஞ்சள் கூட்டம் ஒன்று எழுந்தபோது, முதலில் கண்டவர் அவர்தான். எங்களுக்குக் கையால் காட்டிவிட்டு, ரீலைச் சுற்றி நரம்பை இழுத்துக்கொண்டார். குத்தகைக்காரருக்குத்தான் போகப்போகிறது என்று முணுமுணுத்தபடியே, கரையின் அடுத்த முனைக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.