போத்தலையும் கொண்டு வாங்க

தோட்டத்து டிரெசர் வேலையில் பாதி விசாரணைதான். ஊசி போடுவதும் கட்டுக் கட்டுவதும் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். மயங்கிக் கிடக்கும் பிள்ளையைத் தூக்கி வந்த வீட்டாரிடம் நடந்ததை நடந்தபடி வாங்குவது அவ்வளவு சுலபத்தில் வராது. "என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டால் அம்மா அழுவாள், அப்பா பாட்டியை முறைப்பார், பாட்டி "நான் சமையக்கட்டுல இருந்தேன்யா" என்பார். "அது எதுல இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். கூட்டத்தில் யாராவது ஒருவர் பேசாமல் வீட்டுக்கு ஓடிப் போய் எதையாவது எடுத்து வருவார். முக்கால்வாசி மருத்துவம் அந்தக் கையில் வந்து சேரும்.

செரண்டாவிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை வழியாகக் கோல சிலாங்கூர் வரைக்கும் ரப்பரும் செம்பனையுமாக இருந்த காலத்தில், பிள்ளைகள் வாயில் போன நஞ்சுகள் ஏறக்குறைய எல்லாத் தோட்டத்திலும் ஒன்றுதான். மண்ணெண்ணெய், ரப்பர்ப் பாலை உறைய வைக்கிற ஆசிட், புல் மருந்து, பாட்டியின் இனிப்புநீர் மாத்திரை, லயத்துக்குப் பின்னால் முளைத்துக் கிடக்கும் ஊமத்தங்காய். ஊமத்தையை விட்டால் மற்றவை எல்லாம் ஏதோ ஒன்றில் ஊற்றியோ போட்டோ வைத்தவை. அந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் சாப்பாட்டுச் சாமானாக இருக்கும். மண்ணெண்ணெய் சர்பத் போத்தலில் இருக்கும். மாத்திரை பிஸ்கட் டின்னில். ஸ்டோரிலிருந்து வீட்டுத் தோட்டத்துக்கென்று கொஞ்சம் கொண்டு வந்த புல் மருந்து, தண்ணீர்ப் போத்தலில். ஆயாக்கொட்டகையில் விட்டிருக்கும் வரை பிள்ளைகளுக்கு ஆபத்து குறைவு. பிரட்டு என்ற காலை ஆள்கணக்கு முடிந்து பெரியவர்கள் காட்டுக்குப் போய், பள்ளி விடுமுறையில் மூத்ததிடம் சின்னதை ஒப்படைத்த நாட்களில்தான் என் கதவு தட்டப்படும்.

புல் மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாராகுவாட் என்ற புல் மருந்து முதலில் விற்பனைக்கு வந்தபோது பழுப்பு நிறம். கோலா என்று நினைத்துக் குடித்துச் செத்தவர்கள் பல நாடுகளில் உண்டு. அதனால்தான் பிற்பாடு நீலச் சாயம் கலந்தார்கள், நாற்றம் சேர்த்தார்கள், குடித்தால் வாந்தி வரவைக்கும் மருந்தும் சேர்த்தார்கள். ஒரு வாய் போதும், பெரிய ஆளே பிழைப்பது அரிது. முதல் நாள் வாய்ப்புண்ணோடு பிள்ளை உட்கார்ந்து பேசும். நாலைந்து நாளில் நுரையீரல் சுருங்கத் தொடங்கும். மூச்சுத் திணறினால் ஆக்ஸிஜன் வைப்பது எங்கள் கைப்பழக்கம். பாராகுவாட் குடித்தவருக்கு அதே ஆக்ஸிஜன் நுரையீரல் கெடுவதை விரைவுபடுத்தும். வேறு வழியில்லை என்றால் ஒழிய வைக்கக் கூடாது. போத்தல் கைக்கு வந்தாலொழிய இது எப்படித் தெரியும்? மலேசியாவில் 2002இல் பாராகுவாட்டைத் தடுத்தார்கள், பிறகு தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1 முதல் முழுதாகத் தடை. என்னைக் கேட்டால் அந்த இடைப்பட்ட வருஷங்களுக்கு யாரும் இன்னும் கணக்குச் சொல்லவில்லை.

தோட்டங்கள் போய்விட்டன. லயத்துப் பிள்ளைகள் புக்கிட் பெருந்தோங்கிலும் ரவாங்கிலும் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபோய், சுங்கை சோ கார்த் தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். நானும் டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் ஒதுங்கினேன். மண்ணெண்ணெய் கேஸ் இப்போது அபூர்வம். வருவது வேறு.

ஒரு சாயங்காலம் நாலு வயதுப் பையனைத் தூக்கி வந்தார்கள். "விழுந்துட்டான் ஐயா, அதுலேருந்து தூங்கித் தூங்கி விழுறான்" என்றாள் தாய். தலையைத் தடவிப் பார்த்தால் வீக்கம் இல்லை. காய்ச்சல் இல்லை, கழுத்து மடங்குகிறது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தோம், சரியாக இருந்தது. அதனால் பாட்டியின் மாத்திரை அல்ல. அந்த மாத்திரையில் சில ரகம் ஒன்றே ஒன்று போதும், சின்னப் பிள்ளையின் சர்க்கரையை மயக்கம் வரை இறக்கிவிடும். கண் சிவந்திருந்தது, கருமணி விரிந்திருந்தது. கோடீன் கலந்த இருமல் மருந்தாக இருந்தால் கருமணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும். ஊமத்தையா? ஊமத்தை தின்ற பிள்ளைக்கு உடம்பு சுட்டுக் காய்ந்து கிடக்கும், தூங்காது, இல்லாததைக் காற்றில் பிடித்துப் பிடித்து இழுக்கும். இவன் தோல் சில்லென்று இருந்தது. நிற்க வைத்தால் கால் துணிபோல் மடிந்தது. உள்ளங்காலைத் தொட்டால் திடுக்கென்று உதறினான், அடுத்த நொடி மறுபடி தூக்கம். நாடி வேகமாக ஓடியது.

டாக்டர் உள்ளே பிள்ளையைப் பார்க்க, வெளியே விசாரணை என் பங்கு. குடும்பத்தை ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால் யாரும் பேச மாட்டார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வாசலில் ஓர் இளைஞன் தொலைபேசியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றான். தாயின் தம்பி. "தம்பி, மோட்டார்சைக்கிள் வழியில நிக்குது, கொஞ்சம் தள்ளி வைக்கிறியா" என்று கூடவே இறங்கினேன்.

"நான் போலீஸ் இல்ல தம்பி. போலீஸ் வராதுன்னும் நான் சொல்ல மாட்டேன். ஆனா பையன் தூங்குற தூக்கத்துல மூச்சு நிக்குமா நிக்காதான்னு இப்ப தெரிஞ்சாகணும். அது எதுல இருந்துச்சு?"

சட்டைப் பையிலிருந்து கசங்கிய உறையை எடுத்தான். ஹட்ஜாய்க்குப் போய் வந்த நண்பன் கொடுத்தது. தாய்லாந்து எழுத்து, கரடிப் படம், மூலையில் நகத்தளவுக்கு ஒரு கஞ்சா இலை. "நாலு மணிக்குத்தான் தின்னான் மாமா, ஆறு மணி வரைக்கும் ஓடி விளையாடினானே. அதனால இது இல்லன்னு நெனச்சேன்."

அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். புகைத்தால் நிமிஷங்களில் ஏறுவது, தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி, சில நேரம் அதற்கு மேலும் எடுக்கும். பெரியவர்களுக்கும் அதே தொல்லைதான். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொன்றை வாயில் போடுவார்கள். பிள்ளைக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. கையில் கிடைத்த மிட்டாய் முழுதும் மிட்டாய்தான். ஒரு ஜெல்லியில், கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. 10 மில்லிகிராம் இருப்பது வெளிநாட்டுச் சந்தையில் சாதாரணம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.7 மில்லிகிராமைத் தாண்டினால் சின்னப் பிள்ளைக்கு நஞ்சு கடுமையாகும் என்று 2023இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. பதினைந்து கிலோப் பையனுக்கு மூன்று ஜெல்லி போதும். கனடாவில் ஒரு பொட்டலம் முழுவதற்குமே 10 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. பிள்ளை திறக்க முடியாத மூடி, எச்சரிக்கைப் படம் இவற்றையெல்லாம்விட அந்த ஒரு விதிக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். அமெரிக்காவில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் கஞ்சாத் தின்பண்டத்தைத் தின்றதாக நச்சு மையங்களுக்கு வந்த அழைப்புகள் 2017இல் 207, 2021இல் 3,054. நம் வடக்கு எல்லைக்கு அப்பால் 2022 ஜூன் 9ஆம் தேதி கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். எல்லை தாண்டும் பயணப்பையில் ஒரு மிட்டாய்ப் பொட்டலம் யார் கண்ணை உறுத்தும்?

உறையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, தின்ற நேரத்தையும் டாக்டரின் கடிதத்தில் எழுதி, ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். கஞ்சாவுக்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சுப் பாதையைக் காப்பது, டிரிப் போடுவது, விழிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பது, அவ்வளவுதான். பிறகு உறையால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். காரணம் தெரியாமல் மயங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு மூளையை ஸ்கேன் எடுப்பார்கள், முதுகில் ஊசி குத்தி நீர் எடுப்பார்கள், மூளைக்காய்ச்சல் என்று மருந்து ஏற்றுவார்கள். எடுக்காமலும் இருக்க முடியாது. இந்தப் பையனுக்குச் சிறுநீர்ச் சோதனையோடு போயிற்று. மறுநாள் சாயங்காலம் எழுந்து சோறு கேட்டானாம்.

மறைத்தது ஏன் என்று அந்தத் தம்பியை நான் கேட்கவில்லை. 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தில் 200 கிராம் கஞ்சா கையில் இருந்தாலே கடத்தல் என்று அனுமானிப்பார்கள் என்பதும், கடத்தலுக்குத் தூக்கு உண்டு என்பதும் இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 2023இல் அது கட்டாயத் தூக்கு என்ற நிலை நீங்கியது பலருக்குத் தெரியாது. ஒரு மிட்டாய் உறைக்கும் 200 கிராமுக்கும் உள்ள தூரத்தைப் பயந்தவன் அளந்து பார்ப்பானா? பிள்ளையைக் கவனக்குறைவாக விட்டதாக டாக்டர் நினைத்தால் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி சமூகநல அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும். அது சரியான சட்டம்தான். அதனால்தான் ஒன்றும் ஆகாது என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுப்பதில்லை. பொய் சொல்லி உண்மையை வாங்கினால், அடுத்த வீட்டுப் பிள்ளை மயங்கும்போது அந்தத் தெருவே வாயைத் திறக்காது. தோட்டத்தில் மானேஜருக்குப் பயந்து புல் மருந்தை மறைத்தவர்களிடமும் இதே வழியில்தான் பேசினேன்: வரப்போவதை முதலில் சொல்லிவிடுவது, பிறகு பிள்ளையைப் பற்றி மட்டும் கேட்பது.

வீட்டு வைத்தியம் இதில் உதவாது. உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், தொண்டையில் விரல் எதுவும் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிள்ளை வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். மண்ணெண்ணெய் என்றால் அந்த வாந்தியே ஆளைக் கொன்றுவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

பிள்ளை எழுப்பினால் எழவில்லை, மூச்சு சரியில்லை என்றால் 999. விழித்திருக்கிறது, ஆனால் எதையோ தின்றிருக்கிறது என்றால் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையத்தைக் கேட்கலாம்: 1800-88-8099. கிளினிக்குக்கு வரும்போது குப்பைத்தொட்டியைக் கிளறியாவது உறையைக் கொண்டு வாருங்கள். கொடுத்தவர் வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.