பார்முலா யாருக்குத் தெரியும்?

புதுப்பொருள் உருவாக்கம் என்று எங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. குழுவில் இருப்பவர்கள் விஷயத்தைப் பகிர்ந்து வைத்திருந்தால் வேலை டென்ஷன் குறையுமாம், அதில் ஒரு தலைப்பு. உதாரணம் எல்லாம் கார் கம்பெனி, சாப்ட்வேர் கம்பெனி. விருதுநகர் மாவட்டத்துக்காரன் அவ்வளவு தூரம் போவானேன்? சிவகாசி இருக்கிறதே!

2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது என்று தீர்ப்பு சொன்னது. பேரியம் நைட்ரேட் லேசுப்பட்ட சரக்கு இல்லை. கம்பி மத்தாப்பு போன்ற ரகங்கள் எரிய ஆக்சிஜன் கொடுப்பதே அதுதான், பச்சை வெளிச்சமும் பேரியத்தால்தான். அதை எடுத்தால் கலவையையே புதிதாக யோசிக்க வேண்டும். ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. பிறகு 2019-ல் நாக்பூர் நீரி நிறுவனம் பசுமைப் பட்டாசு பார்முலாவைக் கொடுத்தது, ரகசியம் காப்பதாக ஒப்பந்தம் போட்ட ஆலைகளுக்கு.

என் சொந்தக்காரர் ஒருவர் போர்மேன். (எந்த ஆலை என்று கேட்காதீர்கள்.) அந்த வருஷம் அவர் கையில் கிடைத்தது ஒரு அளவுச்சீட்டு மட்டும். மருந்து கலக்குகிறவருக்கு அதுவும் கிடையாது, எடை போட்டுக் கொடுத்ததைக் கலக்க வேண்டும், அவ்வளவுதான். "பழைய மருந்து எப்ப கோபப்படும்னு கைக்கே தெரியும்டா. இது யாருன்னே தெரியாத ஆளு" என்பார். ராத்திரி தூக்கம் இல்லை.

ராபர்ட் கராசெக் என்பவர் 1979-ல் சொன்னது இதுதான். வேலை கூடுவதோடு நம் கையில் பிடிமானமும் இல்லாமல் போனால்தான் மனுஷன் ரொம்ப நொந்து போகிறான். பீஸ் ரேட்டில் ஓடுகிற ஆளுக்கு, கலக்கும் மருந்தைப் பற்றியும் ஒன்றும் தெரியாது என்றால்?

"தொழில் ரகசியத்தை எப்படிப்பா எல்லோருக்கும் சொல்வது" என்று முதலாளிகள் கேட்பது நியாயமாகத்தான் படும். ஆனால் விகிதம் வேறு, மருந்தின் குணம் வேறு. அலுமினியப் பவுடர் உள்ள மருந்தில் ஈரம் சேர்ந்தால் தானாகவே சூடேறலாம், உராய்வு ஆகாது, மிச்ச மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது, ஏன் வைக்கக் கூடாது... இதைச் சொல்வதால் எந்தப் பார்முலாவும் திருடு போகாது. டேனியல் வெக்னர் என்ற உளவியல்காரர் 1985-ல் எழுதியதும் கிட்டத்தட்ட இப்படித்தான். எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை, எது யாருக்குத் தெரியும் என்று தெரிந்தால் போதும்.

பட்டாசு ஆலையில் இது இன்னும் கஷ்டம். விபத்து பரவக் கூடாது என்று அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டுகிறார்கள், ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. நல்ல விதி, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் ஆபீஸில் டீ குடிக்கும்போது தானாகப் பரவுகிற விஷயம் இங்கே பரவாது, யாராவது நடந்து போய்ச் சொல்ல வேண்டும்.

நம்ம போர்மேன் இப்போது அதைத்தான் செய்கிறார். காலையில் மருந்து எடுக்கும் முன் பத்து நிமிஷம் அறை அறையாகப் போய்ப் பேசுகிறார். அளவு சொல்வதில்லை, இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது என்று மட்டும். தனக்குத் தூக்கம் வருகிறது என்கிறார். கலவை அறைக்காரர்களுக்கு வருகிறதா என்று நான் இன்னும் கேட்கவில்லை, அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது கேட்க வேண்டும்.